802.15.3ஏ: எம்பி-ஓஎஃப்டிஎம், டிஎஸ்-யூடபிள்யூபி இரண்டில் எது மேலானது?

வீட்டுக்குள் கருவிகள் மிக வேகமாகக் கம்பியில்லாமல் பேசிக்கொள்வதற்கான தரநிலையை வகுக்க, ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 802.15.3ஏ என்ற பணிக்குழுவை வைத்திருந்தது. அதன் முன் இறுதிவரை நின்ற எம்பி-ஓஎஃப்டிஎம் (தரவைப் பல குறுகிய அலைகளில் பிரித்து ஏற்றி, பட்டைக்குப் பட்டை தாவும் முறை), டிஎஸ்-யூடபிள்யூபி (தரவை ஒரே அகலமான துடிப்பு வரிசையாக அனுப்பும் முறை) ஆகிய இரண்டு முன்மொழிவுகளில் தொழில்நுட்ப அளவில் எது மேலானது, அப்படி ஒன்று மேலாக இருந்திருந்தால் ஏன் அதைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போயிற்று என்பது கேள்வி. இதற்கு ஒரே சொல்லில் விடை தரலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு அணிகளில் ஒன்றின் அளவுகோலை அறியாமலேயே கையில் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு முன்மொழிவுகளும் தத்தம் கணிப்புகளின்படி கேட்கப்பட்ட இலக்கை எட்டின. வேறுபாடு, எந்தச் சிரமத்தை எந்த இடத்தில் வைத்துத் தீர்ப்பது என்பதிலும், அனுமதிக்கப்பட்ட அலைத்திறனை எப்படி அளப்பது என்பதிலும் இருந்தது. இரண்டாவது விஷயம்தான் போட்டியைத் தீர்மானித்தது என்பது என் கருத்து. அதை விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். 2002 பிப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சித் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான 7.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை, அதில் ஏற்கெனவே உரிமம் பெற்றவர்கள் இருக்கும்போதே, மிக அகன்ற அலைக்கற்றையில் மிகக் குறைந்த திறனோடு பேசும் அதி அகலப்பட்டை (யூடபிள்யூபி) கருவிகளுக்கும் திறந்துவிட்டது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. சமிக்ஞையின் அகலம் குறைந்தது 500 மெகாஹெர்ட்ஸாக இருக்க வேண்டும், அல்லது மைய அதிர்வெண்ணில் 20 சதவீதமாக இருக்க வேண்டும். திறன் அடர்த்தி ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டிபிஎம் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 74 நானோவாட். ஒரு கணினி தன்னையறியாமல் கசியவிடும் வானொலி இரைச்சலுக்கு எந்த வரம்பு உண்டோ அதே வரம்புதான் இது. 7.5 கிகாஹெர்ட்ஸ் முழுவதையும் நிரப்பினாலும் மொத்தத் திறன் அரை மில்லிவாட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இந்தச் சிக்கனம்தான் பின்னால் வந்த எல்லா வாதங்களுக்கும் வேர். திறனைக் கூட்டித் தூரத்தை வாங்க வழியில்லாத இடத்தில், அரை டெசிபல்கூட (டெசிபல் இங்கே திறனின் விகிதத்தை அளக்கும் அலகு) உரிமைப் பிரச்சினையாகிவிடும்.

802.15.3ஏ குழு கேட்டது என்னவென்றால், 10 மீட்டரில் நொடிக்கு 110 மெகாபிட், 4 மீட்டரில் 200 மெகாபிட், முடிந்தால் அதைவிடக் குறைந்த தூரத்தில் 480 மெகாபிட். வீட்டுக்குள் ஒளிப்படக் கருவியும் தொலைக்காட்சியும் கணினியும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். 2003 மார்ச்சில் இருபதுக்கு மேற்பட்ட முன்மொழிவுகள் முன்வைக்கப்பட்டன. அவை ஒன்றோடொன்று இணைந்தும் விலகியும் அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் இரண்டாகச் சுருங்கின. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், இன்டெல் முதலிய பல நிறுவனங்கள் கூடி நின்றது எம்பி-ஓஎஃப்டிஎம் பக்கம். எக்ஸ்ட்ரீம்ஸ்பெக்ட்ரம் நிறுவனமும், அதை வாங்கிய மோட்டோரோலாவும், பின்னர் அதிலிருந்து பிரிந்த ஃப்ரீஸ்கேலும் நின்றது டிஎஸ்-யூடபிள்யூபி பக்கம்.

எம்பி-ஓஎஃப்டிஎம் அலைக்கற்றையை 528 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டைகளாக வெட்டுகிறது. கட்டாயமான முதல் தொகுதியில் 3168 முதல் 4752 மெகாஹெர்ட்ஸ் வரை மூன்று பட்டைகள் உண்டு. ஒவ்வொரு குறியீட்டையும், அதாவது ஒருமுறை அனுப்பும் தரவுத் துண்டையும், பட்டைக்குள் அடுத்தடுத்து நிற்கும் 128 குறுகிய அலைகளான துணைக் கேரியர்களின் மீது ஏற்றி ஒரு பட்டையில் அனுப்பிவிட்டு, அடுத்த குறியீட்டுக்கு அடுத்த பட்டைக்குத் தாவுகிறது. ஒரு குறியீட்டின் நீளம் 312.5 நானோநொடி. அதில் 242.4 நானோநொடி உண்மையான அலை, அதன்பின் 60.6 நானோநொடி எதுவும் அனுப்பாத வெற்றிடம், எஞ்சிய 9.5 நானோநொடி பட்டை மாறுவதற்கான அவகாசம். 128 துணைக் கேரியர்களில் 100 தரவைச் சுமக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு பிட். 480 மெகாபிட் வேகத்தில் முக்கால் வீதப் பிழைதிருத்தக் குறியீடு (அனுப்பும் பிட்டுகளில் முக்கால் பங்கே தரவு, மற்றவை பிழையைத் திருத்த) என்பதால், 312.5 நானோநொடிக்கு 150 பிட் என்று கணக்கு நேராகவே வந்துவிடும்.

டிஎஸ்-யூடபிள்யூபி பட்டையை வெட்டுவதில்லை. 3.1 முதல் 4.85 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கீழ்ப் பகுதியை ஒரே அலையாக நிரப்புகிறது, தேவைப்பட்டால் 6.2 முதல் 9.7 வரையிலான மேல் பகுதியையும் பயன்படுத்துகிறது. இடையில் விட்ட இடைவெளி, 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வைஃபைக்கு வழிவிடுவதற்காக. கீழ்ப் பகுதியில் நொடிக்கு ஏறத்தாழ 130 கோடி துடிப்புகள். ஒவ்வொரு பிட்டும் 24 துடிப்புகள் வரை நீளும் ஒரு குறியீட்டு வரிசையால் பரப்பப்படுகிறது. வேகம் கூடக் கூட வரிசை குறுகும். 24 துடிப்பும் அரை வீதப் பிழைதிருத்தமும் என்றால் 28 மெகாபிட். 6 துடிப்பு என்றால் 110. 2 துடிப்பும் முக்கால் வீதமும் என்றால் 500. ஒரே துடிப்பும் பிழைதிருத்தம் இல்லாமையும் என்றால் 1320 வரை போகும்.

இனி ஒப்பீடு. இந்த இடத்தில் பலரும் சுற்றமைப்பின் சிக்கல் அளவிலிருந்து தொடங்குவார்கள். நான் மங்கலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இரண்டு முன்மொழிவுகளின் இயல்பு வேறுபாடு அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ஓர் அறைக்குள் அனுப்பப்படும் அலை சுவரிலும் அலமாரியிலும் மனித உடலிலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளில், பல தாமதங்களுடன் வந்து சேர்கிறது. ரிசீவர் பார்க்கும் அகலம் குறைவாக இருந்தால் இந்தத் தெறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சில வேளை ஒன்றையொன்று அடித்துவிடும். அதுதான் ஆழமான மங்கல். அகலம் கூடக் கூட, தெறிப்புகள் காலத்தில் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். பிரிந்தவற்றைக் கூட்டிக்கொள்ளலாம், அவை ஒன்றையொன்று அழிப்பதும் குறையும். 1.7 கிகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே துடிப்பாகப் பயன்படுத்தும் டிஎஸ்-யூடபிள்யூபிக்கு அகலப்பட்டையின் இந்த இயற்கைக் கொடை முழுதாகக் கிடைக்கிறது. எம்பி-ஓஎஃப்டிஎம்மின் ஒவ்வொரு துணைக் கேரியரும் 4.125 மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டுமே கொண்டது. அவ்வளவு குறுகிய அலை, பழைய குறும்பட்டை வானொலியைப் போலவே முழு மங்கலுக்கு ஆளாகிறது. மொத்தமாக ஒரு பட்டையில் வந்து சேரும் ஆற்றல் அதிகம் மாறாவிட்டாலும், அதற்குள் சில துணைக் கேரியர்கள் ஏறத்தாழ காணாமலே போய்விடும்.

இது எம்பி-ஓஎஃப்டிஎம் அணிக்குத் தெரியாததல்ல. ஒரே தரவை இரண்டு வெவ்வேறு பட்டைகளில் அனுப்பியும், பிட்டுகளைத் துணைக் கேரியர்கள் முழுவதிலும் கலைத்துப் பரப்பியும், வலுவான பிழைதிருத்தக் குறியீட்டால் இழந்தவற்றை மீட்டும் அவர்கள் இதை ஈடுகட்டினார்கள். 110 மெகாபிட் நிலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீதக் குறியீடும் இரட்டை அனுப்புதலும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் 480 மெகாபிட்டில் இரட்டை அனுப்புதல் கிடையாது, குறியீடும் முக்கால் வீதமாக மெலிந்துவிடுகிறது. அப்போது மங்கிய துணைக் கேரியர்களின் விலையை முழுதாகக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. எதிரணி இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியபோது அது மிகைப்படுத்தல் என்று பதில் வந்தது. ஆயினும் பின்னால் வெளியான இறுதி விவரக்குறிப்பில், 320 முதல் 480 மெகாபிட் வரையிலான வேகங்களுக்கு ஒவ்வொரு பிட் தொகுதியையும் தொலைவில் உள்ள இரண்டு துணைக் கேரியர்களில் சேர்த்து ஏற்றும் இரட்டைக் கேரியர் பண்பேற்றம் புகுத்தப்பட்டது. குறை உண்மையானது என்பதற்கு அந்தத் திருத்தத்தைவிட நேர்மையான சாட்சி வேண்டியதில்லை. அதே நேரத்தில், குறை திருத்தக்கூடியதாகவே இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

மறுபக்கத்தைப் பார்த்தால், தெறிப்புகள் பிரிந்து தெரிவது கொடைதான், ஆனால் அவற்றைக் கூட்டியெடுக்க உழைப்பு வேண்டும். குழு ஏற்றுக்கொண்ட நான்கு அலைவழி மாதிரிகளில் மிகக் கடினமானதில் தாமதப் பரவல் (தெறிப்புகள் வந்து சேரும் நேரச் சிதறல்) 25 நானோநொடி. நேர்ப்பார்வையற்ற 4 முதல் 10 மீட்டர் மாதிரியில் ஏறத்தாழ 14 நானோநொடி. டிஎஸ்-யூடபிள்யூபியின் ஒரு துடிப்போ முக்கால் நானோநொடிதான். ஒரு துடிப்பின் ஆற்றல் இருபது முப்பது துடிப்பு நீளத்துக்குச் சிதறிக் கிடக்கிறது என்று பொருள். ரிசீவரில் பல விரல்கள் கொண்ட ரேக் அமைப்பு ஒன்று அவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். 16 விரல் வைத்தாலும் கடினமான அலைவழியில் ஒரு பங்கு தப்பிவிடும். 500 மெகாபிட்டில் ஒரு பிட்டின் நீளமே ஒன்றரை நானோநொடிக்கு அருகில் இருப்பதால், முந்தைய பிட்டுகளின் எதிரொலி அடுத்த பிட்டுகளின் மேல் அடுக்கடுக்காக விழும். அதைக் கழிக்கச் சமன்செய்யி ஒன்று வேண்டும். அந்த அணியின் பதில், தங்கள் பண்பேற்றம் (அலையில் தரவை ஏற்றும் முறை) பிளஸ், மைனஸ் என்ற இரண்டு நிலை மட்டுமே கொண்டதால் சமன்செய்யியின் பெருக்கல்கள் வெறும் கூட்டல் கழித்தலாகச் சுருங்கிவிடும் என்பது. அது சரியான பதில். எம்பி-ஓஎஃப்டிஎம்மிலோ 60.6 நானோநொடி வெற்றிடம் எதிரொலிகள் அனைத்தையும் ஏறத்தாழ முழுதாக விழுங்கிக்கொள்கிறது. அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் 128 புள்ளி ஃபூரியே உருமாற்றம் ஒன்று போதும், ஆற்றல் முழுதும் கையில் வந்துவிடும்.

அந்த வெற்றிடத்தைப் பற்றி ஒரு சிறு விஷயம் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இந்தத் துறையின் நுட்பத்தை நன்றாகக் காட்டுகிறது. வழக்கமான ஓஎஃப்டிஎம்மில் குறியீட்டின் வாலை எடுத்துத் தலையில் ஒட்டும் சுழல் முன்னொட்டு இருக்கும். இங்கே அதைப் பயன்படுத்தினால், ஒரே பகுதி இருமுறை வருவதால் அலைக்கற்றையில் சிற்றலைகள் எழும். சிற்றலையின் உச்சி வரம்பைத் தொடக் கூடாது என்பதற்காக மொத்தத் திறனையே ஏறத்தாழ 1.5 டெசிபல் வரை குறைக்க நேரும். வெற்றிடம் வைத்தால் அந்த இழப்பு இல்லை. வைஃபையில் எவரும் கவலைப்படாத ஒன்றை இங்கே வடிவமைப்பின் மையத்துக்குக் கொண்டுவந்தது அந்த 74 நானோவாட் வரம்புதான்.

சுற்றமைப்புச் சிக்கல் என்ற தலைப்பில் இரு தரப்பும் எழுதிக் குவித்த பக்கங்களை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஒன்றுக்கு 528 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அலையை எண்ணாக்கும் 4 அல்லது 5 பிட் எண்மாற்றி. மற்றதற்கு அதைவிட இருமடங்குக்கும் மேலான வேகத்தில் இன்னும் குறைந்த பிட் போதும். ஒன்றுக்கு ஃபூரியே உருமாற்றம். மற்றதற்கு ரேக்கும் சமன்செய்யியும். இப்படிப்பட்ட கணக்குகள் சில ஆண்டுகளில் சிலிக்கான் சுருங்கும்போது அடிபட்டுப் போகும். உண்மையான தொல்லை எம்பி-ஓஎஃப்டிஎம்மின் தாவலில் இருந்தது. 9.5 நானோநொடிக்குள் மைய அதிர்வெண்ணை மாற்ற அதிர்வெண்ணை உருவாக்கும் எந்தக் கட்டப் பூட்டுச் சுற்றாலும் முடியாது. ஆகவே 4224 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஒரு நிலையான அலையோடு 264, 792 மெகாஹெர்ட்ஸ் அலைகளைக் கலந்து 3432, 3960, 4488 என்ற மூன்று மையங்களையும் எப்போதும் தயாராக வைத்து, தேவையானதைச் சுவிட்சால் தேர்ந்தெடுக்க வேண்டும். கலக்கும்போது பிறக்கும் வேண்டாத அலைகளை அடக்குவது அனலாக் வடிவமைப்பாளரின் தலைவலி. செய்ய முடிந்தது, செய்தும் காட்டினார்கள். ஆனால் எளிமை என்ற வாதத்தை அந்த அணி அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது விவாதத்தின் மையத்துக்கு வருகிறேன். மூன்று பட்டைகளுக்கிடையே தாவும் கருவி, ஒவ்வொரு பட்டையிலும் மூன்றில் ஒரு பங்கு நேரமே இருக்கிறது. எனவே சராசரி வரம்பை மீறாமல், இருக்கும் நேரத்தில் மூன்று மடங்கு திறனோடு பேசலாம் என்பது எம்பி-ஓஎஃப்டிஎம்மின் அடிப்படைக் கணக்கு. மூன்று மடங்கு என்றால் 4.8 டெசிபல். ஆனால் எஃப்சிசியின் விதியோ, தாவும் கருவிகளைத் தாவலை நிறுத்திவைத்து அளக்க வேண்டும் என்றது. அப்படி அளந்தால் அந்த 4.8 டெசிபல் கிடையாது. தடையற்ற வெளியில் 4.8 டெசிபல் இழப்பு என்பது தூரத்தை 1.7 மடங்குக்கு மேல் சுருக்கிவிடும். பல்வழி மாதிரிகளில் 110 மெகாபிட்டுக்கு எம்பி-ஓஎஃப்டிஎம் காட்டிய எல்லை ஏறத்தாழ 11 மீட்டர், அதை 1.7 ஆல் வகுத்தால் 6 மீட்டரைச் சற்றே தாண்டும். கேட்டதோ 10 மீட்டர். அளக்கும் முறையை மட்டும் மாற்றினால் அதே முன்மொழிவு தேர்ச்சியும் பெறும், தோல்வியும் அடையும். பிழைதிருத்தக் குறியீட்டில் கால் டெசிபலுக்கும் மங்கலில் ஒரு டெசிபலுக்கும் மணிக்கணக்கில் வாதாடிய இடத்தில், ஐந்து டெசிபலுக்கு அருகிலான ஒரு கேள்வி அந்த அறைக்கு வெளியே, ஒழுங்குமுறை அமைப்பின் மேசையில் கிடந்தது. இதை முதலில் தீர்க்காமல் எந்த ஒப்பீட்டு அட்டவணைக்கும் பொருளில்லை.

இது வெறும் விதிமுறைச் சண்டையும் அல்ல. தாவலை நிறுத்தி அளக்கச் சொன்னதற்குப் பின்னால் ஒரு நியாயமான அச்சம் இருந்தது. 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பெறும் ஒரு ரிசீவரை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் பத்துக்கணக்கான மெகாஹெர்ட்ஸ். அது தாவும் சமிக்ஞையைச் சீரான இரைச்சலாகப் பார்க்காது, 937.5 நானோநொடிக்கு ஒருமுறை, 312.5 நானோநொடிக்கும் குறைவாக நீடிக்கும் வலுவான வெடிப்புகளாகவே பார்க்கும். சராசரி ஒன்றாக இருந்தாலும், வெடிப்பு விழும் கணங்களில் பிழைகள் கூடும். டிஎஸ்-யூடபிள்யூபி அணி சொன்னது இதுதான், அதில் தவறில்லை. மறுபக்கம், மிகக் குறைந்த எண்ணிக்கையில் கூர்மையான துடிப்புகளை அனுப்பும் அலைகளை அதே விதி ஏற்கெனவே அனுமதித்திருக்கிறது, அவற்றோடு ஒப்பிட்டால் எங்கள் வெடிப்பு மென்மையானது என்று எம்பி-ஓஎஃப்டிஎம் அணி சொன்னதும் சரியே. ஒப்பிடும் எல்லைக்கோடு எது என்பதைப் பொறுத்து இரண்டும் உண்மை. 2005 மார்ச்சில் எஃப்சிசி, வழக்கமான இயக்க நிலையிலேயே, அதாவது தாவிக்கொண்டிருக்கும்போதே அளக்கலாம் என்று விலக்கு அளித்தது. அந்த நாளில் எம்பி-ஓஎஃப்டிஎம்மின் பெரிய ஓட்டை அடைபட்டது. ஆனால் அதற்குள் இரண்டு அணிகளும் தனித்தனியே சில்லுகளில் பணத்தைப் போட்டுவிட்டன.

எம்பி-ஓஎஃப்டிஎம்முக்கு நான் மனமாரத் தரும் புள்ளி வேறொன்று. அலைக்கற்றை விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதை அது தொடக்கத்திலேயே எதிர்பார்த்தது. வானியல் ஆய்வுக்கு ஒதுக்கிய ஒரு குறுகிய பட்டையை விட்டுவிட வேண்டும் என்றால், அந்த இடத்துத் துணைக் கேரியர்களை அணைத்தால் போதும். ஒரு முழுப் பட்டையே தடை என்றால் அதைத் தாவல் வரிசையிலிருந்து நீக்கலாம். டிஎஸ்-யூடபிள்யூபியிலும் துடிப்பின் வடிவத்தை மாற்றிக் குழி விழச் செய்யலாம், ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கான வழிகளைச் சொன்னார்கள். ஆனால் மென்பொருளால் ஒரு பட்டியலை மாற்றுவது போல அவ்வளவு எளிதல்ல அது. ஐரோப்பாவின் 2007ஆம் ஆண்டு முடிவு 6 முதல் 8.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியைத் தாராளமாகத் திறந்துவிட்டு, 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே கடுமையான கட்டுப்பாடுகளை வைத்தது. ஜப்பானும் கீழ்ப் பகுதியில் பிறர் இருப்பதைக் கண்டறிந்து விலகும் ஏற்பாட்டைக் கேட்டது. அப்போது அடிபட்டது இரண்டு முன்மொழிவுகளும் சேர்ந்து நம்பியிருந்த கீழ்ப் பகுதிதான். முதல் தலைமுறைச் சில்லுகள் எல்லாம் அங்கேதான் இயங்கின.

ஒரே இடத்தில் பல வலையமைப்புகள் இயங்குவதில் ஒன்று தாவல் வரிசைகளாலும் மற்றது குறியீட்டு வரிசைகளாலும் சற்றே மாறுபட்ட துடிப்பு வேகங்களாலும் பிரிந்து நின்றன. இரண்டும் போதுமானவையே, மிக நெருக்கத்தில் இரண்டும் திணறும்.

இரண்டையும் வைத்துக்கொண்டே பிழைத்திருக்க ஒரு வழியும் முன்வைக்கப்பட்டது. நொடிக்கு ஏறத்தாழ 9 மெகாபிட் வேகமுள்ள ஒரு பொதுச் சமிக்ஞை முறையை இரண்டு வகைக் கருவிகளும் புரிந்துகொள்ளச் செய்வது. அறிமுகமும் நேரப் பங்கீடும் அதில் நடக்கட்டும், தரவு மட்டும் அவரவர் முறையில் போகட்டும் என்பது. டிஎஸ்-யூடபிள்யூபி பக்கத்திலிருந்து வந்த யோசனை என்பதால் எதிரணி அதைச் சந்தேகத்தோடு பார்த்தது. ஓஎஃப்டிஎம் சில்லுக்குள் இன்னொரு சிறு துடிப்பு ரிசீவரைச் சேர்க்கச் சொல்கிறார்கள் என்பதும் உண்மையே. என்றாலும், ஒரே அறையில் ஒன்றையொன்று அறியாத இரண்டு அமைப்புகள் இயங்குவதைவிட அந்தச் சிறு சுமை எவ்வளவோ மேல் என்றே நான் கருதுகிறேன். மேசையில் இருந்தவற்றில் மிக நல்ல பொறியியல் யோசனை அது; அதை ஏற்காமல் விட்டது பெரும் தவறு.

தேர்ந்தெடுக்க முடியாமல் போனதற்கான நேரடிக் காரணம் எளிது. ஒரு முன்மொழிவுக்குப் பெரும்பான்மை கிடைத்தாலும் அதை உறுதிப்படுத்த 75 சதவீத வாக்கு வேண்டும். எம்பி-ஓஎஃப்டிஎம்முக்குப் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தது, முக்கால் பங்கு ஒருபோதும் கிட்டவில்லை. எதிர்ப்பவர்களுக்குத் தடுக்கும் அளவு பலமும், ஆதரிப்பவர்களுக்கு வெளியே போய்த் தனியாகச் செய்துகொள்ளும் அளவு பலமும் இருந்தால் சமரசம் பிறக்காது. 2006 ஜனவரியில் பணிக்குழு தன் திட்ட அனுமதியையே திரும்பப் பெற்றுக்கொண்டு கலைந்தது. அதற்கு முந்தைய மாதமே எம்பி-ஓஎஃப்டிஎம், எக்மா-368 என்ற பெயரில் வேறொரு தர நிறுவனத்தின் வழியாக வெளியாகிவிட்டது. 2007இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆயிற்று. கவனிக்க வேண்டியது, எக்மா-368 தன்னோடு எடுத்துச் சென்றது சமிக்ஞையை அனுப்பிப் பெறும் அடுக்கான அலைப் பகுதியை மட்டுமல்ல. 802.15.3 வகுத்திருந்த, ஒரு கருவியே மற்றவற்றுக்கு நேரம் ஒதுக்கும் மையக் கட்டுப்பாட்டு அணுகல் முறையைக் கைவிட்டு, எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஒருங்கிணையும் பரவல் முறையையும் அது வைத்துக்கொண்டது. மூன்று ஆண்டுகள் அலைப் பகுதியை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த குழு, அதன் மேல் அமரும் அடுக்கு தங்களுக்கு வேண்டியதுதானா என்று கேட்கவே இல்லை.

பிறகு நடந்தது தொழில்நுட்ப மேன்மைக்குச் சான்றாகாது. வயர்லெஸ் யூஎஸ்பி எம்பி-ஓஎஃப்டிஎம்மைத் தேர்ந்தெடுத்தது. 2006இல் புளூடூத் அமைப்பும் அதையே நாடியது. ஃப்ரீஸ்கேல் அந்த ஆண்டே டிஎஸ்-யூடபிள்யூபி அணியின் கூட்டமைப்பிலிருந்து விலகியது. ஆனால் சந்தைக்கு வந்த கருவிகள் பெயரளவு வேகத்தில் சிறு பங்கையே பயனருக்குத் தந்தன. அதே காலத்தில், ஆயிரம் மடங்கு திறனோடு பேச அனுமதி பெற்ற 802.11என் வைஃபை எல்லா மடிக்கணினிகளிலும் இடம்பிடித்தது. 2009இல் புளூடூத் தன் அதிவேக வடிவத்துக்கு வைஃபை அலையையே எடுத்துக்கொண்டது. எம்பி-ஓஎஃப்டிஎம்மை வளர்த்த வைமீடியா கூட்டமைப்பும் அதே ஆண்டு தன் விவரக்குறிப்புகளைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. வென்ற முன்மொழிவும் தோற்ற முன்மொழிவும் சில ஆண்டு இடைவெளியில் சந்தையிலிருந்து மறைந்தன என்றே சொல்லலாம்.

ஆகவே என் மதிப்பீடு இது. 110 மெகாபிட், 10 மீட்டர் என்ற இலக்கை மட்டும் வைத்தால், 2005 விலக்குக்குப் பிறகு எம்பி-ஓஎஃப்டிஎம் தகுதியான தேர்வு. அதற்கு முன் அல்ல. 480 மெகாபிட்டும் அதற்கு மேலும் குறைந்த தூரத்தில் என்றால் டிஎஸ்-யூடபிள்யூபியின் இயற்பியல் வலுவானது. நாட்டுக்கு நாடு மாறும் அலைக்கற்றை விதிகளுக்கு வளைந்துகொடுப்பதில் எம்பி-ஓஎஃப்டிஎம் தெளிவாக மேல். இவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே குழு முடிவு செய்திருந்தால், இரண்டில் எதுவானாலும் 2004க்குள் ஒரு தரநிலை பிறந்திருக்கும். வைஃபை வளர்ந்து வரும் முன் அதற்கு மூன்று நான்கு ஆண்டு அவகாசமும் இருந்திருக்கும்.

பக்கத்து அறையில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. அதே 802.15 குடும்பத்தில் 4ஏ என்ற பணிக்குழு, குறைந்த வேகத்தில் தூரத்தை அளக்கும் அலைக்காக முன்மொழிவுகளைக் கேட்டது. அங்கே போட்டியிட்டவர்கள் 2005 மார்ச்சுக்குள் தங்கள் கருத்துகளை இணைத்து, துடிப்பு அடிப்படையிலான அகலப்பட்டை முறையையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் இன்னொரு முறையையும் ஒரே அடிப்படை வரைவில் வைத்தார்கள். 2007இல் தரநிலை வெளியாயிற்று. அந்தத் துடிப்பு முறையின் பட்டை அகலம் 499.2 மெகாஹெர்ட்ஸ். ஒரு நானோநொடியில் ஒளி 30 சென்டிமீட்டர் போகும் என்பதால், இரண்டு நானோநொடி அகலத் துடிப்பின் முன்விளிம்பை நுணுகிக் கண்டால் பத்து சென்டிமீட்டர் அளவில் தூரத்தைச் சொல்லிவிடலாம். தெறிப்புகள் காலத்தில் பிரிந்து தெரியும் என்று டிஎஸ்-யூடபிள்யூபி அணி சொன்ன அதே பண்புதான் இங்கே பயனாகிறது. முதலில் வந்த நேர்வழித் துடிப்பைப் பின்னால் வரும் எதிரொலிகளிலிருந்து பிரித்தறிய அது இல்லாமல் முடியாது. 2019இல் ஐஃபோன் 11இல் யூ1 சில்லாக வந்ததும், 2020இல் 802.15.4இசட் பாதுகாப்பைச் சேர்த்து விரித்ததும், இன்று காரின் கதவைக் கைபேசியால் திறக்க உதவுவதும் அந்த வழிவந்த அலைகளே.